ராணியின் வாழ்த்து அட்டை வேண்டாம்

விட்பி,
26 ஜூலை 2022

அன்பு மகள் ஜில்லியனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே இருவரும் ஒருவாறு சுகம். அப்பாவுக்கு மூச்சிரைப்பு முன்பு போலத்தான். மாடிப்படியில் பாதியில் நின்றுகொண்டு சன்னல் வழியே துறைமுகத்தைப் பார்ப்பது போல நடிக்கிறார். அங்கே நியூசிலாந்தில் உங்களுக்குக் குளிர்காலம். நீயும் மாப்பிள்ளையும் நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அடுப்பில் உருளைக்கிழங்கு தீய்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. நீ சொன்னது நினைவிருக்கிறதா? “பதிவு அலுவலகத்துல தேடிப் பாத்துட்டாங்களாம்மா, உங்க கல்யாணச் சான்றிதழ் இல்லையாம். எங்கயோ தொலைச்சிட்டு மழுப்பறாங்க. அது இல்லாம அறுபதாம் கல்யாண நாளுக்கு ராணி அனுப்புற வாழ்த்து அட்டைக்கு விண்ணப்பம் போட முடியாது. நான் சும்மா விடப்போறதில்ல” என்றாய். அவர்கள் எதையும் தொலைக்கவில்லை, ஜில். எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. நானும் உன் அப்பாவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

எழுதிவிட்டேன். இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று, மூன்று தாள் குப்பைக்குப் போயிற்று. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். உன் குரலும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்கு என்னைத் தெரிவதற்கு முன்பே ஹல் நகரத்தில் ஒரு மனைவி இருந்தாள். பெயர் எட்னா. இருபத்தொரு வயதில் கட்டினார், ஐந்து வருஷத்தில் விட்டுவிட்டு வந்தார். விட்டுவந்தவர் அவர்தான், அவள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குழந்தை இல்லை. அவள் கத்தோலிக்கப் பெண், விவாகரத்து தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்தக் காலச் சட்டத்தில் விட்டுப்போனவன் கேட்டுப் பெற முடியாது. நான் பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போகும் பேருந்தை அப்பாதான் ஓட்டினார். மீதியை நீயே ஊகித்துக்கொள்.

1962 செப்டம்பர் 19ஆம் தேதி இரண்டு பெட்டியோடு விட்பியில் வந்து இறங்கினோம். மோதிரத்தை வழியில் ஒரு கடையில் அப்பாவே வாங்கி என் விரலில் போட்டார். அது கொஞ்சம் பெரிது, இறங்கும்வரை கையை மூடியே வைத்திருந்தேன். வாடகை அறை வைத்திருந்த அம்மாள் எங்களைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, “புருஷன் பொஞ்சாதி தானே?” என்று கேட்டாள். அப்பா “ஆமாங்க” என்றார். எங்கள் கல்யாணம் அவ்வளவுதான். நாம் வருஷாவருஷம் கேக் வெட்டிக் கொண்டாடிய நாள் அது.

இத்தனை வருஷம் சொல்லாதவள் இப்போது ஏன் சொல்கிறாய் என்று கேட்பாய். அந்த அட்டைக்காகத்தான். சிரிக்காதே. பாதிரியாரிடம் பொய் சொல்லியிருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லியிருக்கிறேன். உன் பிறப்பைப் பதிவு செய்தபோது ஒரு பொய்யை எழுதிக் கையெழுத்தே போட்டிருக்கிறேன். ஆனால் ராணி தன் பெயரைப் போட்டு, அறுபது வருஷ மணவாழ்க்கைக்கு வாழ்த்துகள் என்று எனக்கு அனுப்புவதா? அதை வாங்கி அலமாரியில் எப்படி நிறுத்துவேன்? அப்பாவிடம் சொன்னால், “ஒரு நாளைக்கு எத்தன நூறு அட்டை போகுதோ! அந்தம்மா அதக் கண்ணால கூடப் பாக்கமாட்டாங்க, மியூரியல்” என்கிறார். அவருக்கு எப்போதுமே அந்தம்மா மேல் ஓர் இளக்காரம். கிறிஸ்துமஸ் அன்று ராணி பேசும்போது வேண்டுமென்றே எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவார். வருஷத்தில் அவர் பாத்திரம் கழுவும் ஒரே நாள் அதுதான்.

எனக்கு அப்படி இல்லை. முடிசூட்டு விழா அன்று எனக்குப் பதினான்கு வயது. தெருவிலேயே ஒரு வீட்டில்தான் டிவி. திரைச்சீலையை இழுத்துவிட்டு இருபத்து மூன்று பேர் ஒரே அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். தேசிய கீதம் வந்தபோதெல்லாம் என் அம்மா எங்களை எழுந்து நிற்கச் சொன்னாள், மடியிலிருந்த தட்டோடு நின்றோம். தங்க ரதமும் கிரீடமும் எல்லாருக்கும் பிடித்தன. எனக்கு மனசில் நின்றது வேறு. இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தியை நடுவில் உட்காரவைத்து எல்லார் முன்னாலும் கேள்வி கேட்டார்கள், இப்படிச் செய்வாயா, அப்படி நடப்பாயா என்று. எல்லார் முன்னாலும் செய்வேன் என்றார். சொன்னபடி எழுபது வருஷம் செய்துகொண்டிருக்கிறார். நான் யார் முன்னாலும் நின்று ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஜில்.

ராணியின் வெள்ளி விழாவுக்கு நம் தெருவில் மேசை போட்டு விருந்து வைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பதின்மூன்று வயது. நான் நம் கொடியின் நிறத்தில் தைத்த சட்டையைப் போடமாட்டேன் என்று மாடியில் கதவைச் சாத்திக்கொண்டாய். அன்று பாதிரியார் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, “கொடுத்த வாக்குல நிக்கிற ரெண்டு பொம்பளைங்கள எனக்குத் தெரியும். ஒருத்தர் லண்டன்ல இருக்காங்க, இன்னொருத்தர் இதோ சாண்ட்விச் அடுக்கிட்டிருக்காங்க” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆகையால் விண்ணப்பம் வேண்டாம். விழாவுக்கு நீ பேசிவைத்த மண்டபத்தையும் ரத்து செய்துவிடு. கேட்கிறவர்களிடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல், அது பொய்யும் இல்லை. என் மேல் கோபப்படு, நான் தாங்கிக்கொள்வேன். அப்பாவிடம் மட்டும் குரலை உயர்த்தாதே. அவர் இதயம் அதைத் தாங்காது.

கடிதம் கிடைத்ததும் ஒரு வார்த்தை பேசு.

அன்புடன்,
அம்மா


விட்பி,
24 ஆகஸ்ட் 2022

அன்புள்ள ஜில்லியனுக்கு,

இரண்டு ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்கவில்லை. மூன்றாவது வாரம் அடித்தபோது நான் கடைக்குப் போயிருந்தேன். நான் கடைக்குப் போகும் நேரம் உனக்குத் தெரியும். தெரிந்தேதான் அழைத்தாய் என்று நினைக்கிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

நீ கேட்டதை அப்பா என்னிடம் சொன்னார். “அப்பா, என் பிறப்புச் சான்றிதழே பொய்யின்னா, நான் அப்ப யாரு?” என்று கேட்டாயாம். இரண்டு நிமிஷத்துக்கு மேல் போன் பிடிக்காத மனுஷர், முக்கால் மணி நேரம் கூடத்தில் நின்றுகொண்டே பேசியிருக்கிறார். நான் வந்தபோது முகம் வெளிறிப்போய்ப் படியில் உட்கார்ந்திருந்தார். என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். “நீ என் பொண்ணுன்னு சொன்னேன். அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்?” என்றார். பிறகு தேநீர் கேட்டார். சர்க்கரை இரண்டு கரண்டி போட்டுக்கொடுத்தேன், டாக்டரிடம் சொல்லாதே.

ஒன்றை நீ சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பாவை நோகாதே. அவர் என்னை மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் மாட்டேன் என்றவள் நான்தான். 1971இல் சட்டம் மாறியபோது எட்னாவின் சம்மதம் இல்லாமலே விவாகரத்து வாங்கியிருக்கலாம். உனக்கு அப்போது ஏழு வயது. நான் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வழக்கு செய்தித்தாளில் வரும் என்று பயந்தேன். 1994இல் எட்னா இறந்தாள். அப்போது எந்தத் தடையும் இல்லை. ஆனால் கல்யாணம் செய்கிறவர்கள் பெயரைப் பதிவு அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கும்படி வாரக்கணக்கில் ஒட்டிவைப்பார்கள் அல்லவா? எங்கள் இருபத்தைந்தாம் கல்யாண நாள் கேக்கை ஊருக்கே வெட்டிக் கொடுத்தவள், எப்படிப் போய் அந்தப் பலகையில் நிற்பேன்? மூன்றாவது முறை ராணியின் பொன்விழா அன்று. ஒரு கோப்பை திராட்சை மது உள்ளே போயிருந்தது, ஒற்றை முழங்காலில் உட்கார்ந்தே கேட்டார். எழுந்திருக்க முடியாமல் நான்தான் தூக்கிவிட்டேன். அன்றைக்கும் மாட்டேன் என்றேன். அக்கம்பக்கத்து வாய்க்குப் பயந்து உனக்கு உண்மையான ஒரு தாளைக்கூட இல்லாமல் செய்துவிட்டேன். தப்பு என்னுடையது.

உன் போனுக்கு மறுநாள், நான் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தபோது நான்காவது முறையாகக் கேட்டார். பலகையில் பெயர் வருமே என்றேன். “வரட்டுமே! இந்த ஊர்ல நம்ம வயசுல உசுரோட இருக்கிறவங்களே எட்டுப் பேரு. அதுல ஆறு பேருக்குக் கண்ணு தெரியாது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றேன். கையில் கத்தியும் கிழங்கும் இருந்தன, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை சரி என்றேன்.

சட்டப்படி முன்னறிவிப்புக் கொடுக்கப் போனோம். மூக்குத்தி போட்ட ஒரு சின்னப் பெண் இருந்தாள். ஏமாற்றுக் கல்யாணமா என்று தெரிந்துகொள்ள எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டுமாம். என்னிடம் அப்பா பிறந்த தேதி, செய்த வேலை எல்லாம் கேட்டாள். அப்பாவிடம், “இவங்கள உங்களுக்கு எவ்வளவு நாளா பழக்கம் சார்?” என்று கேட்டிருக்கிறாள். “அறுபத்தோரு வருஷம்மா. அவசரப்பட்டுட்டேனோன்னு இப்பக்கூட யோசனையா இருக்கு” என்றாராம். அந்தப் பெண் சிரித்தது எனக்கு அடுத்த அறையில் கேட்டது. செப்டம்பர் 19 காலை பதினொரு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறாள். நாங்கள் இங்கே வந்து இறங்கிய தேதியையே கேட்டு வாங்கினேன்.

இப்போதெல்லாம் பலகை இல்லை, சுவரில் ஒரு திரை. பெயர்கள் வந்து வந்து போகின்றன. நேற்று அது நம் எதிர்வீட்டு தெல்மா கண்ணில் பட்டுவிட்டது. பாவம், தன் அக்கா செத்துப்போனதைப் பதிவு செய்யப் போனவள். நேரே இங்கே வந்தாள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அறுபது வருஷம் எந்த நிமிஷத்துக்குப் பயந்தேனோ அந்த நிமிஷம். தெல்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ஒருவழியா வழிக்கு வந்தியா? எனக்கு எழுபத்தேழுலயே தெரியும்டி” என்றாள். எப்படி என்றேன். “விழாவுக்கு எல்லாரும் அவங்கவங்க கல்யாணப் படத்தக் கொண்டாந்து மாட்டினோம். நீ மட்டும் ராணியோட கல்யாணப் படத்தக் கொண்டாந்து மாட்டின” என்றாள். யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். “எதுக்குச் சொல்லணும்? நீ அவர நல்லாத்தானே பாத்துக்கிட்ட” என்றாள். அவள் போன பிறகு வெகுநேரம் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். யாருமே கேட்காத கேள்விக்கு அறுபது வருஷம் ஒளிந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

உன் கோபம் நியாயம். தெல்மா மன்னிக்கலாம், அவளுக்கு நான் செய்த தீங்கு ஒன்றுமில்லை. உனக்குச் செய்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் அழை. பேசாவிட்டாலும் பரவாயில்லை, திட்டு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா


விட்பி,
14 செப்டம்பர் 2022

என் ஜில்லுக்கு,

அங்கேயும் செய்தி வந்திருக்கும். உங்களுக்கும் ராணி அவர்தானே. போன வியாழன் மாலை டிவியில் சொன்னபோது நான் மீனுக்கு மாவு தடவிக்கொண்டிருந்தேன். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஆமாம், ஆஸ்பத்திரி. உன்னிடம் அவர் சொல்லியிருக்கமாட்டார். நாலு நாள் வைத்திருந்தார்கள், நுரையீரலில் நீர் சேர்ந்திருந்தது. இப்போது வீட்டில் கீழ் அறையில் கட்டில் போட்டிருக்கிறோம். சாப்பிடுகிறார், குறை சொல்கிறார். டாக்டர் மட்டும் என்னைத் தனியே அழைத்து, எதையும் தள்ளிப்போட வேண்டாம் என்றார்.

ராணி இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு புதிய பிரதமரைப் பார்த்த படம் வந்ததே, கவனித்தாயா? புறங்கை கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. அப்பாவின் கையிலும் ஊசி குத்திய இடத்தில் அச்சு அசல் அதே நிறம். அந்தக் கையோடு நின்று, சிரித்து, வேலையை முடித்துவிட்டுத்தான் போனார். அப்பாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “தொண்ணூத்தாறு வயசுல வேலைக்குப் போயிருக்காங்க. நான் அறுபத்தஞ்சுலயே பஸ்ஸ நிறுத்திட்டேன்” என்றார். வியாழன் இரவு தேசிய கீதம் வந்தபோது கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் உட்கார்ந்துவிடுவார்.

எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. போன வருஷம் தன் கணவர் அடக்கத்தன்று கறுப்பு முகக்கவசத்தோடு வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாரே, அந்தப் படம்தான் திரும்பத் திரும்ப வந்தது. எழுபத்து மூன்று வருஷம் கூடவே இருந்தவர் போன பிறகு அந்த மாதிரி நிமிர்ந்து உட்கார என்னால் முடியாது. எனக்கு யாராவது பக்கத்தில் வேண்டும்.

இதில் ஒரு கூத்தைக் கேள். ராணியின் இறுதி ஊர்வலத்தை 19ஆம் தேதி திங்கட்கிழமை வைத்துவிட்டார்கள், நாடு முழுக்க விடுமுறை. அந்த மூக்குத்திப் பெண் நேற்று போன் செய்தாள். “மன்னிச்சுக்கங்க மிசஸ் ஹார்க்கர், அன்னிக்கு அலுவலகம் மூடியிருக்கும்” என்றாள். மிசஸ் ஹார்க்கர் என்று சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பாவிடம் சொன்னேன். “பாத்தியா, கடைசில அந்தம்மா நம்ம கல்யாணத்தையே நிறுத்திட்டாங்க” என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, இருமல் அடங்கக் கால் மணி ஆயிற்று. முதுகைத் தடவிக்கொண்டே, கடவுளே, கொஞ்சம் நாள் கொடு என்று வேண்டினேன். அந்த அட்டையைப் பற்றி அப்போது ஒரு நினைப்பும் இல்லை.

புதுத் தேதி அக்டோபர் 6, வியாழக்கிழமை, காலை ஒன்பதேகால். அவளிடம் அதற்கு முந்தி கிடையாது. அப்பாவால் நிற்க முடியாது, உட்கார்ந்தே சொல்லலாமாம். அதற்குள் அவர் நிலைமை மோசமானால் கட்டிலருகே வந்தும் நடத்த வழியிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். நல்ல பெண். நான் நீல உடுப்பை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறேன், தெல்மா பன்றி இறைச்சியை மாவில் பொதிந்து சுட்டுக் கொண்டுவருகிறாள், விருந்து அவ்வளவுதான். என்ன சொல்லவேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு உரக்கப் படித்துப் பார்க்கிறேன். எண்பத்து மூன்று வயதில் வாய் குழறுகிறது. ஆனாலும் ஆள் முன்னால் நின்று சொல்லப்போகிறேன், ஜில். அது எனக்குப் போதும்.

இரண்டு சாட்சிகள் வேண்டுமாம். அவர்கள் முன்னால்தான் வாக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். யார் வருகிறார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். ஒருத்தி எதிர்வீட்டு தெல்மா என்றேன். இன்னொருத்தி என் மகள் என்றேன். எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். நியூசிலாந்து என்றேன். “வருவாங்களா?” என்றாள். தெரியாதம்மா, அவள் என்னோடு பேசி ஏழு வாரம் ஆகிறது என்றேன். பரவாயில்லை, கடைசி நேரத்தில் வாசலில் போகிற யாரையாவது கூப்பிட்டுக்கூடக் கையெழுத்து வாங்கலாம், சட்டம் தடுக்காது என்றாள். பெயரை எழுதிக்கொள்ளட்டுமா, காலியாக விடட்டுமா என்று கேட்டாள். எழுதிக்கொள் என்றேன்.

நீ பிறந்தபோது உனக்காக நான் போட்ட கையெழுத்து பொய். அதை இப்போது திருத்த எனக்குத் தெரியவில்லை. உன் கையெழுத்தைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரியும். கேட்கிறேன். நீ என்னோடு பேச வேண்டாம், கன்னத்தில் முத்தம் கொடுக்க வேண்டாம். தெல்மா வீட்டிலேயே தங்கிக்கொள், அறை இருக்கிறதாம். காலை ஒன்பதேகாலுக்கு அப்பா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார், போதும்.

யாரிடமும் போய்ச் சாட்சிக்கு ஆள் கேட்டு நிற்கும்படி என்னை விட்டுவிடாதே, கண்ணே. நீ வந்தாலும் வராவிட்டாலும் கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும்.

அக்டோபரில் கடல்காற்று கடுமையாக இருக்கும். தடிமனான கோட்டை எடுத்துக்கொண்டு வா.

உன்
அம்மா